சோலோ இல்லாத ஜாஸும் வெய்ன் ஷார்ட்டரும்

முதல்லயே சொல்லிடறேன், இது ஜாஸ் தெரிஞ்சவங்களுக்கு மட்டுமான பதிவு இல்லை. ஆபீஸ் போயிட்டு வந்து, மிச்சமிருக்கிற நேரத்துல ஏதாவது ஒரு கலையைக் கத்துக்கற எல்லாருக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. வயலின், பரதம், ஓவியம், ஏன், பதிவு எழுதறதுகூட. அதனால 'ராஜா பத்தி எழுதுவான்னு வந்தா இவன் வேற எங்கயோ போறானே'ன்னு ஜன்னலை மூடிடாதீங்க. :-)

என் கட்சி இதுதான். பெரியவங்களுக்கான ஜாஸ் குழு வகுப்புல, அதுவும் 'அட்வான்ஸ்டு'ன்னு பேர் வச்ச வகுப்புல, ஆளாளுக்கு முறை போட்டு சோலோ வாசிக்கறதைப் பெருமளவு குறைக்கணும். ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு நவீன இசையமைப்பாளரை எடுத்துக்கிட்டு, அவர் என்ன எழுதியிருக்கார்னு உள்ள போய்ப் பார்க்கறதுதான் முக்கிய வேலையா இருக்கணும். அந்த ஆள் வெய்ன் ஷார்ட்டரா இருந்தா, இதை விட்டா வேற வழியே கிடையாது.

'ஜாஸ்னாலே சோலோதானேப்பா, அதை எடுத்துட்டா என்ன மிச்சம்?' இந்தக் கேள்வியை எங்க குழுவுலயே கேட்டாங்க. சும்மா கேக்கலை, கோபமாவே கேட்டாங்க. அதுக்கான என் பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எந்தக் குழு, என்ன வகுப்பு

சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்துல ஒரு இசைப்பள்ளி. பேர் வேண்டாம். அங்க பட்டப்படிப்பு மாணவர்கள் இல்லாம, என்னை மாதிரி வெளியாட்களுக்கும் சாயங்கால வகுப்பு உண்டு. வாசிச்சுக் காட்டணும், தேறினா குழுவுல இடம். வாரம் ஒரு நாள், ரெண்டு மணி நேரம், பத்து வாரம், கடைசில ஒரு சின்ன கச்சேரி. எங்க குழுவுல ஏழு பேர். டிரம்பெட், டெனர் சாக்ஸ், ஆல்டோ சாக்ஸ், கித்தார், பியானோ, டிரம்ஸ், அப்புறம் பேஸ் வாசிக்கிற அடியேன். ஒருத்தர் வக்கீல், ஒருத்தர் பல் டாக்டர், ஒருத்தர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். வயசு இருபத்தெட்டுல ஆரம்பிச்சு எழுபதை ஒட்டி முடியும். எல்லாரும் காசு கட்டி வர்றவங்க. யாரும் இதை வச்சுப் பொழைக்கப் போறதில்லை.

வழக்கமா இந்த மாதிரி வகுப்புல என்ன நடக்கும்? பழைய ஸ்டாண்டர்டு பாட்டு ஒண்ணு எடுப்பாங்க. மெட்டை ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து வாசிப்பாங்க. அப்புறம் டிரம்பெட் சோலோ, சாக்ஸ் சோலோ, இன்னொரு சாக்ஸ் சோலோ, கித்தார், பியானோ, பெருந்தன்மையா பேஸுக்கும் ஒண்ணு. கடைசில மெட்டை இன்னொரு தடவை வாசிச்சு முடிப்பாங்க. ரேஷன் கடை வரிசை மாதிரிதான். என் முறை எப்ப வரும்னு பார்த்துக்கிட்டே நிக்கறது, வந்ததும் பையை நிரப்பிக்கறது, அப்புறம் ஓரமா ஒதுங்கிக்கறது.

இந்த முறை ஆசிரியை பத்து வாரத்துக்கும் ஷார்ட்டர் மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. மொத்தம் அஞ்சே அஞ்சு பாட்டு.

யார் இந்த ஷார்ட்டர்

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. 1933ல நியூ ஜெர்சி மாநிலம் நியூவர்க்ல பிறந்தவர். டெனர் சாக்ஸபோன், பின்னாடி சோப்ரானோவும். நியூயார்க் பல்கலைக்கழகத்துல இசைக்கல்வி படிச்சு 1956ல பட்டம் வாங்கினார். 1959ல ஆர்ட் பிளேக்கியோட ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவுல சேர்ந்து அங்கயே இசை இயக்குநர் ஆனார். 1964ல மைல்ஸ் டேவிஸ் குழுவுக்கு வந்தார். அதே 1964ல தன் பேர்ல மட்டும் மூணு ஆல்பம் பதிவு பண்ணியிருக்கார்: ஏப்ரல்ல 'நைட் டிரீமர்', ஆகஸ்ட்ல 'ஜூஜூ', டிசம்பர் 24ஆம் தேதி 'ஸ்பீக் நோ ஈவில்'. ஒரே வருஷத்துல! நம்மள்ல பல பேர் வருஷத்துக்கு மூணு பதிவு போடவே திணர்றோம்.

1970ல ஜோ ஸாவினுலோட சேர்ந்து 'வெதர் ரிப்போர்ட்' குழு ஆரம்பிச்சார். 2000ல, 67 வயசுல, டானிலோ பெரெஸ், ஜான் பாட்டிடூச்சி, பிரையன் பிளேட் மூணு பேரையும் சேர்த்துக்கிட்டு ஒரு நால்வர் குழு. 2021ல எஸ்பெரான்ஸா ஸ்பால்டிங் கூட சேர்ந்து 'இஃபிஜினியா'ன்னு ஒரு ஆப்பரா. 2023 மார்ச் 2ஆம் தேதி, 89 வயசுல லாஸ் ஏஞ்சலஸ்ல இறந்துபோனார்.

சாக்ஸபோன் வாசிச்சவரா அவர் பெரிய ஆள்தான். ஆனா இன்னைக்கு உலகத்துல எந்த ஜாஸ் பள்ளிக்குப் போனாலும் அவர் இருக்கறது அவர் எழுதின பாட்டுகளாலதான். அதைத்தான் நான் பிடிச்சுக்கப் போறேன்.

கணக்கு போட்டுப் பார்த்தேன்

முதல் பாட்டு 'ஃபுட்பிரிண்ட்ஸ்'. ஷார்ட்டர் பாட்டுலயே அதிகமா வாசிக்கப்படறது இதுதான்னு தைரியமா சொல்லலாம். சி மைனர்ல ஒரு ப்ளூஸ், ஆறு எண்ணிக்கை கொண்ட 12 பார். (பார்னா இங்க தாளத்தோட ஒரு சுற்று. வேற ஞாபகம் வரவேண்டாம்.) மெட்டுல சுரம் ரொம்பக் கம்மி. நீளமா இழுத்து நிக்கற சுரங்கள்தான் பெரும்பாலும். ரெண்டு வருஷம் கத்துக்கிட்டவங்ககூட வாசிச்சிடலாம்.

மென்பொருள்காரன் புத்தி எங்க போகும்? கணக்கு போட்டேன். 12 பார், பாருக்கு 6 அடி, மொத்தம் 72 அடி. நிமிஷத்துக்கு 150 அடி வேகம்னா ஒரு சுற்றுக்கு 29 செகண்ட். ஆறு பேர் ஆளுக்கு நாலு சுற்று சோலோ எடுத்தா 24 சுற்று, கிட்டத்தட்ட பதினொண்ணரை நிமிஷம். மெட்டு முன்னாடி ரெண்டு தடவை, பின்னாடி ரெண்டு தடவை, மொத்தமே ரெண்டு நிமிஷம்கூட இல்லை. அதாவது பதிமூணு சொச்சம் நிமிஷத்துல ஷார்ட்டர் எழுதினதுக்கு ரெண்டு நிமிஷம், எங்க கைவரிசைக்கு மிச்சமெல்லாம். இதுக்குப் பேர் 'ஷார்ட்டரைப் படிக்கறது'ன்னு சொன்னா, அவர் சி மைனரை எங்களுக்கு வாடகைக்கு விட்டார்னுதான் அர்த்தம்.

அந்தப் பாட்டுல விஷயமே பத்தாவது பார் பக்கத்துலதான் இருக்கு. சாதாரண மைனர் ப்ளூஸா இருந்தா அந்த இடத்துல ஜி கார்டு வரும். (கார்டுன்னா சீட்டு இல்லீங்க, ஒண்ணா ஒலிக்கிற சுரக்கூட்டம்.) ஜி வந்தா அடுத்தது சி, அதாவது வீட்டுக்குப் போகப் போறோம்னு காதுக்கே தெரிஞ்சிடும். ஷார்ட்டர் அங்க ஜியே வைக்கலை. பரவலா எழுதப்படற வடிவத்துல எஃப் ஷார்ப், எஃப், ஈ, ஏ-ன்னு வேகமா இறங்கி ஓடி, எதிர்பார்க்காத ஒரு கதவு வழியா சிக்குள்ள நுழையறார். ஒரு புத்தகத்துல இதை ஒரு மாதிரி போட்டிருப்பாங்க, இன்னொண்ணுல வேற மாதிரி. சோலோ வாசிக்கிறவங்க பெரும்பாலும் பண்றது என்னன்னா, இந்த ரெண்டு பாரை எப்படியாவது சமாளிச்சுட்டு, திரும்ப சி மைனருக்கு வந்து நிம்மதியா மூச்சு விடறது. பாட்டோட உயிர் இருக்கற இடத்தைப் பள்ளம் தாண்டற மாதிரி தாண்டிப் போயிடறோம்.

எங்க ஆசிரியை மூணு வாரம் எங்களுக்கு நோட்ஸே குடுக்கலை. அதே பாட்டோட ரெண்டு பதிவையும் கேட்டுட்டு வாங்கன்னாங்க. ஒண்ணு 1966 பிப்ரவரில ஷார்ட்டர் தன் 'ஆடம்ஸ் ஆப்பிள்' ஆல்பத்துக்காகப் பண்ணது. இன்னொண்ணு அதே வருஷம் அக்டோபர்ல மைல்ஸ் குழு 'மைல்ஸ் ஸ்மைல்ஸ்'க்காகப் பண்ணது. நடுவுல எட்டே மாசம். முதல்ல இருக்கற நிதானமான ஆறு எண்ணிக்கை, ரெண்டாவதுல ஆட்டம் காணுது. பேஸ்ல ரான் கார்ட்டரும் டிரம்ஸ்ல டோனி வில்லியம்ஸும் ஆறையும் நாலையும் மாத்தி மாத்திப் போட்டு, தரை நகர்ற மாதிரி பண்றாங்க. அப்ப டோனி வில்லியம்ஸுக்கு வயசு 20. மெட்டு அதேதான். கார்டுகளும் கிட்டத்தட்ட அதேதான். அடியில என்ன நடக்குதுங்கறதுதான் வேற.

இதை வாயால பாடி, கையால தட்டி, மூணு வாரம் பண்ணோம். பல் டாக்டர் அம்மா கார்ல போகும்போதெல்லாம் பேஸ் வரியைப் பாடிக்கிட்டே போனாங்களாம். நாலாவது வாரம் வாத்தியத்தை எடுத்தப்ப, அந்த ரெண்டு பாரை யாரும் 'தாண்ட'லை. அதுக்குள்ள போய் நின்னோம்.

ஒன்பதாவது பார்

ரெண்டாவது உதாரணம், 'ஸ்பீக் நோ ஈவில்'ல இருக்கற 'இன்ஃபண்ட் ஐஸ்'. தன் மகளுக்காக எழுதின மெதுவான பாட்டு. மேற்கத்திய ஜனரஞ்சகப் பாட்டுகள்ல எட்டு பார்ங்கறது நம்ம ஆதி தாளம் மாதிரி உடம்புல ஊறின விஷயம். எட்டு முடிஞ்சா அடுத்த பகுதி, அவ்வளவுதான். இந்தப் பாட்டுல ஒவ்வொரு பகுதியும் ஒன்பது பார். மூணு பகுதி, மொத்தம் 27.

அந்த ஒன்பதாவது பாரைக் கேக்கும்போது வித்தியாசமா எதுவும் தெரியாது. கேக்கறவங்களுக்கு அது ஒரு மூச்சு, அவ்வளவுதான். வாசிக்கிறவங்களுக்குத்தான் கண்டம். நாலு வாரத்துலயும் ஏழு பேர்ல யாராவது ஒருத்தர் எட்டாவது பார்லயே அடுத்த பகுதிக்குத் தாவிடுவாங்க. எண்ணினா தப்பாது, ஆனா எண்ணிக்கிட்டே வாசிச்சா பாட்டு செத்துப்போயிடும். மெட்டை மனசுக்குள்ள முழுசா பாடிக்கிட்டே இருந்தா மட்டும்தான் ஒன்பதாவது பார் தானா வந்து சேரும்.

இதைத்தான் நான் சொல்ல வர்றேன். ஷார்ட்டர் பாட்டுல மெட்டை விட்டுட்டு வெறும் கார்டுகளை மட்டும் வச்சுக்கிட்டு சோலோ வாசிக்க முடியாது. ஸ்டாண்டர்டு பாட்டுகள்ல முடியும். அங்க எல்லா வீதியும் தெரிஞ்ச வீதி. பல வருஷமா சேத்து வச்ச ரெடிமேட் துணுக்குகளை எந்தப் பாட்டுல வேணா ஒட்டிடலாம். நாங்க எல்லாரும் அப்படித்தான் 'அட்வான்ஸ்டு' ஆனோம். ஷார்ட்டர்கிட்ட அந்தத் துணுக்கு எதுவும் ஒட்டாது. அதனாலதான் அவரைப் பத்து வாரம் படிக்கணும்.

கர்நாடக சங்கீதம் கேக்கறவங்களுக்கு ஒரே வரில சொல்லிடறேன். கல்பனாஸ்வரத்தையும் நிரவலையும் நினைச்சுக்கோங்க. நிரவல்ல பாட்டோட வரியை விட்டு வெளிய போக முடியாது, சொற்கள் தாளத்துல அததோட இடத்துல விழுந்தே ஆகணும், அதுக்குள்ளதான் கற்பனை. ஷார்ட்டரோட சோலோக்கள் பலதும் நிரவல் பக்கம்தான் சாயும். மெட்டுலேர்ந்து ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லலை, அடிக்க வராதீங்க.

சண்டை வந்த இடம்

இப்ப 'நெஃபர்டீட்டி'. 1967 ஜூன்ல மைல்ஸ் குழு பதிவு பண்ணது, ஷார்ட்டர் எழுதினது. 16 பார் மெட்டு. டிரம்பெட்டும் சாக்ஸும் அந்த மெட்டையே திரும்பத் திரும்ப வாசிக்கறாங்க. ஏறக்குறைய எட்டு நிமிஷம். சோலோ கிடையாது. மைல்ஸ் டேவிஸும் வெய்ன் ஷார்ட்டரும் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க, ரெண்டு பேரும் சோலோ வாசிக்கலை! அடியில டிரம்ஸும் பேஸும் பியானோவும்தான் கொதிச்சு எழும்பி அடங்கி மறுபடி எழும்புது. முன்னாடி நிக்க வேண்டியவங்க பின்னணி ஆயிட்டாங்க, பின்னணி முன்னாடி வந்துடுச்சு.

இதை நாங்க கச்சேரில வாசிக்கணும்னு ஆசிரியை சொன்னதும் ஆறாவது வாரம் வெடிச்சது. டிரம்பெட்காரரும் ஆல்டோ சாக்ஸ்காரரும் நேராவே கேட்டாங்க. இவ்வளவு காசு கட்டி, குழந்தைகளை யார்கிட்டயோ விட்டுட்டு, ஒரு மணி நேரம் கார் ஓட்டிட்டு வர்றோம். அதே பதினாறு பாரைப் பத்து தடவை வாசிக்கறதுக்கா? டிரம்பெட்காரர் எங்க குழுவுலயே நல்ல வாசிப்புக்காரர், சந்தேகமே இல்லை. அவர் கேட்டது நியாயமில்லாத கேள்வியும் இல்லை.

ஆசிரியை ஓட்டுக்கு விட்டாங்க. நாலுக்கு மூணுன்னு 'நெஃபர்டீட்டி' தப்பிச்சது. நான் வைக்கணும்னுதான் ஓட்டு போட்டேன். 'நீ பேஸ், உனக்கென்ன நஷ்டம், அந்தப் பாட்டுல உனக்குத்தானே வேலை'ன்னு ஒருத்தர் சொன்னார். வாஸ்தவம்தான். அதனால என் கட்சிக்கு என் வாத்தியத்தை விட்டுட்டு வேற காரணங்கள் சொல்லியாகணும். சொல்றேன்.

எதிர்க்கட்சி வாதங்கள்

*ஒண்ணு: சோலோ இல்லாட்டி அது ஜாஸே இல்லை.* சோலோவும் கற்பனை வாசிப்பும் ஒண்ணுன்னு நினைக்கறதால வர்ற வாதம் இது. 'நெஃபர்டீட்டி'ல எழுதி வைக்காம வாசிச்சது எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க, அசந்துடுவீங்க. கற்பனை அங்க ஏகப்பட்டது இருக்கு, அதை முறை வச்சு யாரும் பங்கு போட்டுக்கலை. மெட்டு வாசிக்கிற ரெண்டு பேரும்கூட சும்மா இல்லை. ஒருத்தர் கொஞ்சம் பின்தங்கி, எதிரொலி மாதிரி விழறார். ஒவ்வொரு சுற்றும் நிறம் மாறுது.

ஷார்ட்டர் வாழ்க்கை முழுக்கப் பார்த்தா இது ஒரு தடவை செஞ்சு பார்த்த வித்தையும் இல்லை. ஜாஸ் மெசஞ்சர்ஸ் காலத்துலயும் 1964 ஆல்பங்கள்லயும் வரிசையா சோலோ இருக்கத்தான் செய்யுது, அதை மறைக்கலை. ஆனா 1967ல 'நெஃபர்டீட்டி', 1971ல வெதர் ரிப்போர்ட்டோட முதல் ஆல்பம், 2000க்கு அப்புறம் அந்த நால்வர் குழு, இந்த மூணையும் வரிசையா கேளுங்க. முறை வச்சு சோலோங்கற வழக்கத்தை விட்டு அவர் விலகிக்கிட்டே போறது தெரியும். நால்வர் குழுவுல யார் சோலோ, யார் துணைன்னு பிரிக்கவே முடியாது. நாலு பேர் ஒரே மேஜைல பேசிக்கற மாதிரி இருக்கும். ஷார்ட்டரைப் படிக்கறோம்னு சொல்லிட்டு, அவரே கைவிட்டுட்டு வந்த பழக்கத்துல அவர் பாட்டை அடைக்கறது என்ன நியாயம்?

*ரெண்டு: அந்த நால்வர் குழு ஒத்திகையே பார்க்காதே, நீங்க மட்டும் ஏன் பத்து வாரம்?* நல்ல வாதம், எனக்குப் பிடிச்ச வாதமும்கூட. ஒத்திகை இல்லாம மேடை ஏறறதுக்குப் பேர் போன குழுதான் அது. 2002ல வந்த 'ஃபுட்பிரிண்ட்ஸ் லைவ்!' கேட்டா தெரியும், எது எங்க ஆரம்பிக்குதுன்னே சொல்ல முடியாது. ஆனா அந்த நாலு பேருக்கும் பாட்டு எலும்புக்குள்ள போயிடுச்சு. ஒரு துணுக்கு காதுல விழுந்தா முழு மெட்டும் எழுந்து நிக்கும். அதனாலதான் அவங்களால வழி தவற முடியுது. வழியே தெரியாதவன் வழி தவறறதுக்கு வேற பேர்.

*மூணு: ஒரே ஆளைப் பத்து வாரம் படிச்சா பக்தி ஆயிடும், மியூசியம் ஆயிடும்.* ஆகலாம். எழுதினதைக் கல்வெட்டா நினைச்சா ஆகும். ஷார்ட்டர் தன் பாட்டைக் கல்வெட்டா நினைச்சதே இல்லை. 'ஆர்பிட்ஸ்'ங்கற பாட்டை 1966ல மைல்ஸ் குழுவுக்காக எழுதினார். அதையே 2003ல வந்த 'அலெக்ரியா'ல பெரிய குழுவுக்கு வேற உருவத்துல குடுத்தார். மறுபடி 2013ல 'வித்தவுட் எ நெட்'ல நால்வர் குழுவோட வேற உருவம். 33 வயசுல எழுதினதை 80 வயசை நெருங்கும்போதும் பிரிச்சு மேய்ஞ்சிருக்கார். மூணையும் அடுத்தடுத்துக் கேட்டா, ஒரு பாட்டு எங்க முடியுதுங்கற கேள்விக்கே பதில் மாறிடும். ஒரே ஆளைப் படிச்சாத்தான் இது தெரியவரும். பத்து வாரத்துல பத்து பேரோட பாட்டை மேய்ஞ்சா தெரியாது.

*நாலு: நாங்க தொழில்முறைக் கலைஞர்கள் இல்லை, சந்தோஷத்துக்காக வர்றோம், கஷ்டமானது எதுக்கு?* இதுக்குத்தான் நான் ரொம்ப யோசிச்சேன். என் பதில் தலைகீழா இருக்கும். நாற்பது, ஐம்பது, அறுபது வயசுல விரல் வேகம் இனிமே பெருசா கூடப்போறதில்லை. தினமும் ஆறு மணி நேரம் சாதகம் பண்ற இருபது வயசுப் பசங்களோட நாம அதுல போட்டி போட முடியாது. ஆனா காது வளரும். பொறுமை வளரும். மத்தவங்களைக் கேக்கறது வளரும். ஷார்ட்டரோட மெதுவான பாட்டுகள் கேக்கறது இதைத்தான். அங்க விரலுக்குக் கஷ்டமே இல்லை. 'அட்வான்ஸ்டு'ங்கற வார்த்தைக்கு வேகம்னு அர்த்தம் வச்சா எங்க குழுவுல பாதி பேர் வெளிய போகணும். கேக்கற திறன்னு அர்த்தம் வச்சா, எழுபதை ஒட்டின அந்த வாத்தியார்தான் எங்க எல்லாரையும்விட முன்னாடி இருக்கார்.

இன்னொண்ணும் இருக்கு. வரிசையா சோலோ வாசிக்கணும்னா அதுக்கு ஜாம் செஷன் இருக்கு. இந்த ஊர்ல வாரத்துல பல நாள் எங்கயாவது நடக்குது, ஒரு காபி காசுக்குப் போய் வாசிச்சுட்டு வரலாம். ஆனா அதே ஏழு பேர், அதே பாட்டோட, அடுத்த வாரமும் வந்து உட்காரறது ஜாம் செஷன்ல கிடைக்காது. வகுப்பு மட்டும்தான் குடுக்கக்கூடியது அது. அதை வச்சுக்கிட்டு ஜாம் செஷன் நடத்தினா, கிணத்தை வச்சுக்கிட்டு தண்ணி லாரிக்குக் காத்திருக்கற கதைதான்.

அப்ப என்ன பண்ணலாம்

குறை மட்டும் சொல்லிட்டுப் போனா நல்லாருக்காது. இந்த மாதிரி குழு நடத்தறவங்க யாராவது படிச்சா, என் கோரிக்கைகள்:

1. பத்து வாரத்துக்கு அஞ்சு பாட்டு போதும். அதுக்கு மேல வேண்டாம்.

2. முதல்ல காது, அப்புறம்தான் காகிதம். ஜாஸ்காரங்களுக்கு வேதம் மாதிரி இருக்கற 'ரியல் புக்' 1970கள்ல பாஸ்டன்ல பெர்க்லி மாணவர்கள் அனுமதியில்லாம தொகுத்தது. சட்டப்படியான பதிப்பு 2004லதான் வந்தது. பழைய பதிப்புல பிழைகள் நிறைய உண்டு. பதிவைக் கேட்டு நாமளே எழுதி, அப்புறம் புத்தகத்தோட ஒப்பிட்டுப் பார்த்தா, ரெண்டுல எது சரின்னு வாதாடற தைரியமாவது வரும்.

3. சோலோவை ஒழிக்கச் சொல்லலை. ஒரு பாட்டுக்கு ரெண்டு பேர், அதுவும் ஆளுக்கு ரெண்டு சுற்று. மத்தவங்க அந்த நேரத்துல வேடிக்கை பார்க்காம, அடியில என்ன பண்ணலாம்னு யோசிக்கட்டும்.

4. ஒவ்வொரு கச்சேரிலயும் ஒரு பாட்டாவது 'நெஃபர்டீட்டி' மாதிரி, சோலோவே இல்லாம. மெட்டு வாசிக்கிறவங்களுக்கு அதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது.

கணக்கு நேர் ஆகலை

கச்சேரில 'நெஃபர்டீட்டி' எப்படி இருந்ததுன்னு கேப்பீங்க. பத்து சுற்றுல நாலு சுற்று நல்லா இருந்தது. ஆறாவது சுற்றுல டிரம்ஸ் திடீர்னு அடங்கினப்ப, ரெண்டு சாக்ஸும் டிரம்பெட்டும் ஒண்ணா மூச்சு எடுத்தது எனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தே கேட்டது. மிச்ச சுற்றுகள் சுமார். கேக்க வந்தவங்க பெரும்பாலும் எங்க வீட்டு ஆளுங்கதான், அதனால கைதட்டலை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

டிரம்பெட்காரர் அன்னைக்கு நல்லாவே வாசிச்சார், ஒரு குறையும் வைக்கலை. ஆனா அடுத்த பருவத்துக்கு அவர் பேர் குடுக்கலை. வேற ஒரு குழுவுல சேர்ந்துட்டார், அங்க ஸ்டாண்டர்டு பாட்டுகள், நிறைய சோலோ. அவர் போனது எங்களுக்கு நஷ்டம்தான், அதை மழுப்ப விரும்பலை. இந்த மாதிரி வகுப்பு எல்லாருக்கும் சந்தோஷம் தராதுன்னு எனக்கும் தெரியும். வாரம் பூரா யாருக்கோ கீழ வேலை பார்த்துட்டு, ஒரு நாள் சாயங்காலமாவது மூணு நிமிஷம் எல்லாரும் என்னைக் கேக்கணும்னு ஒருத்தர் நினைச்சா அது தப்பே இல்லை. அந்த ஆசைக்கு இடம் குடுக்கற வகுப்புகள் ஊர் முழுக்க இருக்கு. மத்தவங்களைக் கேக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கும் ஒண்ணாவது இருக்கட்டுமேங்கறதுதான் என் வழக்கு.

அடுத்த பருவத்துக்கு யாரைப் படிக்கலாம்னு இப்ப பேச்சு நடக்குது. ஒரு கோஷ்டி தெலோனியஸ் மங்க்னு சொல்லுது. நான் கார்லா ப்ளே கட்சி. 1936ல பிறந்து, ஷார்ட்டர் இறந்த அதே 2023ல இறந்துபோனவங்க. அவங்க பாட்டுகளும் சுரம் குறைச்சலா, ஒளிஞ்சுக்க இடமே இல்லாம இருக்கும். டிரம்பெட்டுக்கு ஆள் இன்னும் கிடைக்கலை.

சரி, உங்க பக்கம் எப்படி? பாட்டோ, நடனமோ, நாடகமோ, குழுவா கத்துக்கற இடத்துல 'என் முறை எப்ப வரும்'ங்கறதை நீங்க எப்படிச் சமாளிக்கறீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. டிரம்பெட் கட்சிக்காரங்க தாராளமா வந்து கும்மலாம். :-)